கடுவன் அறையின் மணமும் கிணற்றுத் தூளும்

முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். "வெளிக்கிட்டிட்டன் தம்பி, வந்துகொண்டிருக்கிறன்" என்று திவசம் செய்ய வரும் ஐயர் தொலைபேசியில் சொல்லி வைத்த நேரம் அது. அதனால்தான் மணி சரியாக நினைவில் நிற்கிறது. தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பின்வளவில் படையலுக்கு வாழையிலை வெட்டக் குனிந்தேன். வீட்டுக்குள்ளிருந்து மகள் இருமுவது கேட்டது.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மழைக்காலத்தில் மூச்சு முட்டும், நெஞ்சு விசிலடிக்கும். அவளுடைய இருமல் ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பனிக்கு ஒன்று, தூசிக்கு ஒன்று, பள்ளிக்கூடம் போக மனமில்லாத நாளுக்கு ஒன்று. இது அவற்றில் எதுவும் இல்லை. வறண்டிருந்தது. இடைவெளியே விடவில்லை.

போன மாதம் நீங்கள் என் கினிப்பன்றிக் கூடுகளையும் பெட்டைகளையும் வாங்கிக்கொண்டு போக வந்தபோது, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். கடுவன்களை, அதாவது ஆண்களை, வீட்டுக்குள் வைத்தால் மணக்குமே, அதற்கு என்ன செய்வது என்று. மகள் பக்கத்தில் நின்றாள். அதனால் "ஈரத்தை எடுங்கள், காற்றை விடுங்கள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன். அது சரியான பதில்தான், ஆனால் போதாது. இந்தத் தொழிலை விட்டுவிட்ட ஒருவன் புதிதாய் இறங்குகிறவர்களுக்கு மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஏன் கடுவன்கள் சேருகின்றன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பட்டணத்துக் குருவிக் கடைகளும் மீன் கடைகளும் பெட்டைகளை எடுக்கும். குட்டிகளை எடுக்கும். வளர்ந்த கடுவனை எவரும் எடுப்பதில்லை. ஒன்றோடொன்று கடிபடும், மணக்கும் என்பார்கள். ஆகவே வளர்ப்பவன் வீட்டில் கடைசியில் மிஞ்சுவது கடுவன்கள்தான். பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் அவற்றுக்குப் பெயரும் வந்துவிடும். பெயர் வைத்த பிராணியை விற்க முடியாது. எங்கள் வீட்டில் பணிஸ் இருந்தான், கரிக்கட்டி இருந்தான், மீசை மயிர் நீண்ட கிழவன் ஒருவன் 'வாத்தியார்' என்ற பெயரில் இருந்தான். வேறு சிலரும் இருந்தார்கள்.

அவை கிணற்றடிக் கொட்டிலில்தான் இருந்தன. மாரி பலமாகப் பெய்து எங்கள் ஊரான நீர்வேலியின் தோட்டங்களில் எல்லாம் வெள்ளம் நின்றபோது கொட்டிலுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. வேறு வழியில்லாமல் ஹோலுக்குப் பக்கத்து அறைக்குள் கூடுகளைக் கொண்டுவந்தேன். அது என் தகப்பனார் இருந்த அறை. நாங்கள் அவரை ஐயா என்றுதான் அழைப்போம். ஐயா காலமான பிறகு அந்த அறையில் அவருடைய கட்டிலும் மேசையும் மட்டும் கிடந்தன. கட்டிலை ஒதுக்கிவிட்டுக் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். தட்டுகளில் உமி பரப்பினேன். நெல் ஆலையில் சும்மா கிடைத்தது.

உமியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நனையாது. மூத்திரத்தை அடியில் இறக்கிவிட்டு, மேலே காய்ந்தது போலக் கிடக்கும். கையை வைத்துப் பார்த்தால் உலர்ந்திருக்கும், அடியில் குளம் நிற்கும். நான் மேலே தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு வந்தேன்.

ஐயாவின் திவசம் வந்தது. என் அக்கா கல்யாணம் முடித்துப் போனது கடற்கரை ஊரான வல்வெட்டித்துறைக்கு. ஒவ்வொரு வருடமும் காலை முதல் பஸ்ஸில் வந்து சமையலைத் தன் கையில் எடுத்துவிடுவார். அன்றும் வந்தார். வேலிப் படலையைத் தள்ளினார், உள்ளே வரவில்லை.

"டேய் தம்பி, படலையிலேயே மணக்குதடா!"

"மழை மணம் அக்கா."

"மழை மூத்திரம் பெய்யுமோ?"

அடுப்படிக்குள் என் மனைவி சிரித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் சுட்டது. "கருவாடு காயப்போடுற முத்தத்திலை இருந்து வாறியள். உங்களுக்கு உது மணக்குதோ?" என்றேன்.

"கருவாடு வெளியிலை கிடந்து மணக்கும். உது ஐயான்ரை அறைக்குள்ளை கிடந்து மணக்குது. இண்டைக்கு அவருக்குப் படைக்கிற நாள்."

மனைவியைக் கேட்டேன். மணக்கவில்லை என்றார். மகளைக் கேட்டேன். "இல்லையப்பா, புல்லு மணம்தான்" என்றாள். நாங்கள் மூன்று பேர், அக்கா ஒருவர். ஐயர் போன பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு இலை வெட்டப் போனேன்.

மூக்கு எதற்கும் பழகிவிடும். இந்தத் தொழிலில் யாரும் முதலில் சொல்லித்தராத விஷயம் அது. மணத்தோடு கூடவே இருப்பவர்களுக்கு மணம் இல்லை. எங்கள் மூன்று மூக்கும் அந்த அறையோடு இரவு பகலாகப் பழகியவை. வெளியிலிருந்து வந்து, இன்னும் செருப்புக் கழற்றாமல் நிற்கிற ஆளுடைய மூக்குத்தான் சரியான மூக்கு. அவர் வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு கேட்டால் அதுவும் போய்விடும்.

அக்கா என்ன செய்தார் என்பதை அவர் பக்கம் நின்று சொல்ல வேண்டும். கிணற்றடி மரத்தில் ஒரு சொப்பிங் பையில் வெள்ளைத் தூள் தொங்கியது. வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்குப் போடச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகக் கொடுத்த குளோரின் தூள். மாரி முடிந்த வீடுகளில் எல்லாம் அதில் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கும். அக்காவின் ஊரில் மீன் வெட்டுகிற சீமெந்துத் தரையை அந்தத் தூளைக் கரைத்து ஊற்றித்தான் கழுவுவார்கள். கடற்காற்று அடிக்கிற வெளி, வாளி வாளியாகத் தண்ணீர். மணம் போய்விடும். அக்கா ஆயுள் முழுக்கச் செய்த வேலை அது, ஒருநாளும் பிழை வந்ததில்லை.

இங்கே நேரம் இல்லை, ஐயர் வரப்போகிறார், தண்ணீர் ஊற்றினால் ஹோலுக்கு ஓடிவரும். ஆகவே தூளை அப்படியே தட்டுகளின் உமிக்கு மேல் தூவினார். மணம் ஹோலுக்கு வராமல் யன்னல்களைச் சாத்தினார். கதவை மூடி, கீழ் இடுக்கில் ஒரு பழைய சாரத் துணியைச் செருகினார். பிறகு கைகழுவிவிட்டு மரக்கறி வெட்டப் போய்விட்டார்.

ஊறிய மூத்திரத்திலிருந்து எழும் காரமான ஆவி அமோனியா. அதோடு குளோரின் சேர்ந்தால் வேறொரு வாயு உண்டாகும். கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும். உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தவன் நான், எனக்கு அது தெரியும். தெரிந்திருந்து என்ன, தூள் தொங்கிய மரத்துக்கும் கூடுகள் இருந்த அறைக்கும் உள்ள சம்பந்தம் அதுவரை என் மண்டையில் ஏறவில்லை.

மகள் ஏன் உள்ளே போனாள் என்றால், அவை கத்தின. கினிப்பன்றி பசிக்குக் கத்துவதும் பயத்துக்குக் கத்துவதும் வேறு. அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். சாரத்தைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

இருமல் கேட்டு ஓடிவந்து நான் கதவைத் திறந்தபோது நெடி முகத்தில் அறைந்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பணிஸை நெஞ்சோடு பிடித்தபடி, மற்றக் கையால் கீழ்க்கூட்டின் கொளுக்கியை இழுத்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அவளைத் தூக்கினேன். அவள் கூட்டை விடவில்லை. விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"அப்பா, கரிக்கட்டி... கரிக்கட்டி..." அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல மூச்சு இல்லை.

முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். உதடு நிறம் மாறியிருந்தது. மனைவி பம்ப் மருந்தை அடித்தார். அது உள்ளே இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. அக்கா மரக்கறிக் கத்தியோடு வாசலில் நின்றார்.

பதற்றத்தில் கை தனக்குப் பழகிய வேலையைத்தான் செய்யும். தட்டில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு வினாகிரி என்ற புளிப்புக் காடியை ஊற்றித் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். கடுவன் அறையில் எது மணந்தாலும் வினாகிரிதான். அக்கா கத்தியைப் போட்டுவிட்டு அந்தப் போத்தலோடு அறைப் பக்கம் ஓடினார்.

"வினாகிரி ஊத்தினால் அடங்குமோ தம்பி? ஊத்தட்டோ?"

ஒரு கணம் "ஓம்" என்றுதான் வாயில் வந்தது. எப்போதும் சொல்லும் பதில் அது, ஆனால் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்தது குளோரின் நெடி என்று அப்போதுதான் தட்டியது. அந்தத் தூளின் மேல் வினாகிரி விழுந்திருந்தால் அறைக்குள் நேரே குளோரின் வாயுவே கிளம்பியிருக்கும். அக்காவும் அதற்குள் விழுந்திருப்பார்.

"ஒண்டும் ஊத்தாதேங்கோ! அக்கா, போத்தலை வையுங்கோ! ஒருத்தரும் உள்ளை போகாதேங்கோ!"

நான் அக்காவிடம் அவ்வளவு சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. போத்தலை அப்படியே நிலத்தில் வைத்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குகன் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவரிடம் ஓட்டோ இருந்தது. ஆனால் முதலில் அவர் செய்தது வேறு. மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடியை எடுத்து, வெளியில் நின்றபடியே அறை யன்னலை நெம்பித் திறந்தார். "காத்து வரட்டும், பிறகு பாப்பம். நீ பிள்ளையைக் கொண்டு வா" என்றார். எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உள்ளே இறங்காமல் காற்றுக்கு வழிவிட அவருக்குத் தோன்றியது. எனக்கு அது தோன்றவில்லை.

ஓட்டோ கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன். "என்ன போட்டனீங்கள்?"

"கிணத்துத் தூள். கனக்கப் போட்டிட்டன் தம்பி." உடனே சொன்னார். ஒளிக்கவில்லை, இழுக்கவில்லை. பையை என் கையில் திணித்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்ட கேள்வி அதுதான், பிள்ளை எதைச் சுவாசித்தது என்று. என்னிடம் பதில் இருந்தது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் யார் போட்டது என்று விசாரித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். என்ன போட்டது என்பதை மட்டும் கேளுங்கள். பயமில்லாமல் சொல்லக்கூடிய மாதிரிக் கேளுங்கள்.

வழியில் என் மடியில் அவளுடைய நெஞ்சு குழிந்து குழிந்து எழும்பியது. சட்டைக்குள் பணிஸ் அசைந்துகொண்டிருந்தான். அவனை அவள் கடைசிவரை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குகன் அண்ணை அவனை வாங்கி ஓட்டோவின் பின்பக்கம் ஒரு துவாயில் சுற்றி வைத்தார்.

ஒக்சிசன் கொடுத்தார்கள், நெபுலைசர் பிடித்தார்கள். பின்னேரமளவில் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த நாள்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அவள் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் வேலையை நிறுத்திவிட்டு மூச்சைப் பார்க்கிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா, பாக்காதேங்கோ" என்கிறாள்.

கீழ்க்கூடுகளில் இருந்தவை தப்பவில்லை. அந்த வாயு பாரமானது, கீழேதான் படியும். கரிக்கட்டி கீழ்க்கூட்டில் இருந்தான். மேல் கூடுகளில் வாத்தியாரும் இன்னொருவனும் பிழைத்தார்கள்.

திவசம் நடந்தது. ஐயர் வந்து வெகுநேரம் காத்திருந்தார், மனைவி படைத்தார். அக்கா சமைத்ததை எல்லோருக்கும் பரிமாறினாராம். தான் சாப்பிடவில்லை. பின்னேர பஸ்ஸில் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில் என் மனைவியோடு மட்டும் கதைப்பார். மகள் தேறிவிட்டாளா என்று கேட்பார். வாருங்கள் மச்சாள் என்றால் "வேலையாக் கிடக்கு" என்பார்.

டொக்டர் இனி வீட்டுக்குள் பிராணிகள் வேண்டாம் என்றார். பெட்டைகளை உங்களிடம் தந்தேன். மிஞ்சிய மூன்று கடுவன்களைத் தர மகள் சம்மதிக்கவில்லை. அவளும் அவையும் ஒரே வளவில் இருக்க வேண்டுமென்றால், அவள் மூச்சு விடும் காற்றில் அந்த அமோனியாக் காரம் கலக்கவே கூடாது. இப்போது எனக்கு இருக்கிற வேலை அது ஒன்றுதான்.

கிணற்றடியில் நிலத்தை உயர்த்திப் பாதிச் சுவர் எழுப்பி, மேலே கம்பிவலை அடித்தேன். சுவரின் அடியிலும் காற்றுப் போக ஓட்டைகள் விட்டேன். காரம் தட்டிலிருந்து எழும்புவதால் கூட்டின் அடியில்தான் அதிகம் இருக்கும், மேலே மட்டும் யன்னல் வைத்துப் பயனில்லை. உமியை விட்டுவிட்டேன். மடித்த பழைய பருத்தித் துணி, அதற்கு மேல் மரச்சீவல். கடுவன் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்து அங்கேதான் பெய்யும். அந்த மூலையைத் தினமும் அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் முழுக் கூட்டையும் ஒரேயடியாகக் கழுவித் துடைத்துப் புதிதாக்காதீர்கள். தன் மணம் இல்லாத இடத்தைக் கடுவன் தன் இடமென்று நம்பாது. ஓடியோடித் தேய்த்து, பெய்து, முன்னையிலும் மோசமாக்கிவிடும். காய்ந்த பழைய சீவலில் ஒரு பிடி விட்டுவையுங்கள். கழுவும்போது முதலில் வெறும் தண்ணீர். படிவம் இருந்தால் மட்டும், வெறும் தட்டில், வெளியில் வைத்து வினாகிரி. பிறகு திரும்பவும் தண்ணீர், வெயில். குளோரின் அந்தப் பக்கமே வரக் கூடாது. சாம்பிராணி, பூச்சி உருண்டை, வாசனை ஸ்பிரே எல்லாம் உங்கள் மூக்கை ஏமாற்றும், காற்றை இன்னும் கெடுக்கும்.

கடுவன்களைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அதை விடுங்கள், தோல் காய்ந்து எண்ணெய் இன்னும் சுரக்கும். பெட்டைகளின் மணம் படுகிற தூரத்தில் வைக்காதீர்கள். முட்டைக்கோவா இலையை அள்ளிப் போடாமல் புல்லைக் கொடுங்கள். வயது போன கடுவனுக்குப் பின்பக்கம் அடியில் ஒரு மடிப்பு உண்டு. அதில் எண்ணெயும் புழுக்கையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அந்த மணம் எந்தக் கூட்டைக் கழுவினாலும் போகாது. இளஞ்சூட்டுத் தேங்காயெண்ணெயில் துணியை நனைத்து, மெதுவாக ஊறவைத்து எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்தேன். மணக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் மூக்கை நான் நம்புவதில்லை. மனைவியின் மூக்கும் பழகிவிட்டது. வருகிறவர்களைக் கேட்டேன். எல்லோருக்கும் நடந்த கதை தெரியும். படலையில் நின்றபடியே "ஒரு மணமும் இல்லை, நல்லாத்தான் வைச்சிருக்கிறியள்" என்கிறார்கள். குகன் அண்ணைகூடத் தலையைச் சொறிந்துகொண்டு "பெரிசா இல்லை" என்றார். அவருடைய மூக்கு வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதுவும் பழகிய மூக்கு. மரியாதைக்குச் சொல்லும் பதிலை வைத்து ஒரு பிள்ளையின் மூச்சைக் காப்பாற்ற முடியாது. உண்மையைச் சொன்னவர் ஒருவர்தான். அவர் வரவில்லை.

போன கிழமை மகளுக்கு லேசாக நெஞ்சு இரைந்தது. மழையா, காரமா என்று எனக்கு விளங்கவில்லை. கூடுகளைக் குனிந்து குனிந்து மணந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மனைவி அதை அக்காவிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை படலை திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கையில் பனம்பழத்தில் செய்த பினாட்டுப் பொதியோடு நின்றார். மகள் "மாமி!" என்று ஓடினாள். அக்கா அவளுடைய தலையைத் தடவினார், உள்ளே அடி வைக்கவில்லை. செருப்பும் கழற்றவில்லை. மூக்கு மட்டும் மெல்ல அசைந்தது. அதைக் கண்டதும் நான் படலைக்கு ஓடினேன்.

"அக்கா, மணக்குதோ?"

என் முகத்தைப் பார்த்தார். "இல்லைத் தம்பி."

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"நான் என்னத்தைச் சொல்ல? அண்டைக்குச் சொன்னது போதாதோ?"

"அண்டைக்கு நீங்கள் சொன்னது சரி அக்கா. நாங்கள்தான் கேக்கேல்லை."

அக்கா பொதியை மகளின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார். சுவரோரம் நின்று மூச்சை இழுத்தார். பணிஸின் கூட்டைத் தாண்டினார். வாத்தியாருக்கு முன்னால் நின்றார், குனிந்தார், திரும்பவும் இழுத்தார். துணியின் ஒரு நுனியைத் தூக்கினார். அடியில் தட்டில் விரிசல் விட்டு, கசிந்த மூத்திரம் சுவருக்குள் இறங்கிக் கறுத்திருந்தது. நான் ஒவ்வொரு நாளும் அந்தத் துணிக்கு மேலேதான் அள்ளியிருக்கிறேன்.

"ஓம், மணக்குது. இதுதான்" என்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "பிள்ளை அங்காலை நிக்கட்டும். தம்பி, நீ தண்ணி அள்ளித் தா. வெறுந் தண்ணி. நான் ஒண்டும் போடமாட்டன்."